அந்தப் பழைய ஸ்டிக்கர் சாஃப்ட்வேரை நான் ஏன் விடவில்லை

அன்வர்,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு இதில் பதில் எழுதுகிறேன். "ஏம்மா, இன்னும் அந்தப் பழசை வச்சுக்கிட்டுத்தான் மல்லுக்கட்டுறியா? நான் ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டுப் போறேன். அங்க போயிட்டா நெனச்ச நேரத்துக்கு ஓடி வர முடியாதுல்ல" என்றாய். "சரிப்பா, வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்ததும் உன் அத்தா என் முகத்தைப் பார்த்து, "என்ன, மறுபடியும் அதே சோலியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "இந்தத் தடவையாவது அவன்கிட்ட உள்ளத சொல்லிரு. புள்ள தூர தேசம் போறான். மனசுல முள்ளோட போகக் கூடாது" என்றார். அவர் சொன்னது மூன்று நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நானும் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வெளியே மழைத் தூறல். கடையில் கூட்டம் இல்லை. முழுவதையும் நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நான் வத்தலக்குண்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் பாஸ் செய்தவள். ஏதாவது ஓர் ஆபீசில் வேலைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே கல்யாணம் பேசி முடித்து என்னை மலைக்கு ஏற்றிவிட்டார்கள். இங்கே வந்து பார்த்தால் உன் அத்தாவின் கடையில் தைலமும் தேனும் ஜாமும் சாக்லேட்டும் வரிசையாக நிற்கும், ஒன்றிலும் ஒழுங்கான பெயர் இருக்காது. பேனாவில் எழுதி ஒட்டிய சீட்டு ஒரு வாரத்து மூடுபனிக்கே ஊறிப்போய் மை கரைந்துவிடும். தைலம் என்று நினைத்து ஒருவர் வினிகர் பாட்டிலை வாங்கிப் போய் முழங்காலில் தேய்த்துக்கொண்ட கதையை உன் அத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் சாமான்களைக் கழித்துக் கட்டினார்கள். அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டரையும் ரிப்பன் போட்டு அடிக்கும் ஸ்டிக்கர் பிரிண்டரையும் அவர் ஜீப்பில் ஏற்றி வந்தார். கூடவே ஒரு சிடி. அதை ஏற்றிக் கொடுக்க வந்தவர் போகிற போக்கில், "தமிழுக்கு டைப்ரைட்டர் முறையும் இருக்குக்கா, வேணுமா?" என்று கேட்டார். நான் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தேன். மெஷினைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. விரல்கள் தங்களுக்குரிய இடத்தில் தாமாகப் போய் உட்கார்ந்தன. 'மலைத்தேன்' என்று அடித்தேன். பார்க்காமலே அடித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்கிறேன். படித்தது எதுவும் வீணாகவில்லை என்று அன்றுதான் தோன்றியது.

அப்புறம் நடந்தது உனக்கே ஞாபகம் இருக்கும். ஓரம் கோணலாக அடிபட்ட ஸ்டிக்கர்களை எல்லாம் நீ எடுத்துக்கொண்டு போய் ஸ்கூல் நோட்டுகளில் ஒட்டுவாய். கணக்கு நோட்டில் 'சுத்தமான யூகலிப்டஸ் தைலம், வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பஜாரில் மற்ற கடைக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். நர்சரி வைத்திருப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், பூண்டியிலிருந்து விதைப்பூண்டு மூட்டை கட்டி அனுப்புகிறவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஆறடி மூலை என் ஆபீஸ் ஆயிற்று. உன்னைப் படிக்க வைத்ததில் அந்த மூலைக்கும் பங்கு உண்டு என்று அத்தா சொல்வார்.

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்கு ஒரு லேப்டாப்பும் புது பிரிண்டரும் வாங்கி வந்தாய். இரண்டு நாள் லீவில் வந்து, அந்த இரண்டு நாளும் ஏரிப் பக்கம்கூடப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து புது சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தாய். இன்டர்நெட்டில் இருக்கும், எங்கிருந்தும் திறக்கலாம், தானாகவே அப்டேட் ஆகும், எழுத்து பெட்டிக்குள் தானாகவே அடங்கிக்கொள்ளும் என்று நீ ஒவ்வொன்றாகக் காட்டியபோது உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஸ்கிரீனை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பூவும் கொடியும் போட்ட ஓரங்கள் அழகாக இருந்தன. முதல் தேன் ஸ்டிக்கரை அத்தாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பூ நல்லாருக்கு. தேனுன்னு எங்க எழுதிருக்கு?" என்றார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். நீ ஊருக்குப் போன பிறகு நான் அந்தப் பழைய கம்ப்யூட்டரை மூடி, மேலே ஒரு துணி போட்டு வைத்தேன். உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நீ கொடுத்ததைத்தான் பயன்படுத்தினேன். டைப்ரைட்டர் முறை அதில் இல்லை. அதனால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். கொஞ்சம் நேரமானாலும் பழகிவிடும் என்று நினைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. வீட்டில் அத்தாவுக்கும், வெளியே பூங்கொடிக்கும்தான் முழுசாகத் தெரியும்.

பூங்கொடியை நீ பார்த்திருக்கிறாய். வடகவுஞ்சியில் இருப்பவள். ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே செய்து நாலைந்து கடைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நம் கடைக்கும் போடுவாள். என்னென்ன சேர்த்திருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள், நான் ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பேன். அந்த சீசன் தொடக்கத்தில் ஒரு புது வகை செய்தாள். முந்திரியோடு நிலக்கடலையும் பொடித்துப் போட்டது. தாளில் தெளிவாக எழுதியிருந்தாள். நான் அடித்தேன். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, "இன்னொரு ரோல் வேணும்க்கா, கூட்டம் நல்லாருக்கு" என்றாள். முன்பு செய்துவைத்ததைத்தானே அடிக்கப்போகிறோம் என்று பட்டனை அமுக்கிவிட்டு நான் கடைக்கு வியாபாரம் பார்க்கப் போய்விட்டேன். அன்று காலையில் சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பச்சைக் கட்டம் வந்து என்னவோ சொன்னது. நான் படிக்காமல் 'ஓகே' கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பாதி தின்ற சாக்லேட் பாக்கெட். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எம் பொண்ணுக்குக் கடலை ஆகாதுங்க. சின்னதுலிருந்தே ஆகாது. அதனாலதான் எது வாங்குனாலும் பின்னாடி திருப்பிப் படிச்சுட்டுத்தான் குடுப்போம். நேத்து இதைத் தின்ன கொஞ்ச நேரத்துலயே உதடெல்லாம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சுங்க. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு, இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கு. இதுல கடலைன்னு எங்க போட்டிருக்கீங்க, நீங்களே பாருங்க" என்றார். அத்தா வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பட்டியல் 'முந்திரி' என்பதோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பிறகு வெறும் வெள்ளை.

அந்தக் காற்புள்ளியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது அன்வர். பூங்கொடி எழுதிக் கொடுத்திருந்தாள், நான்தான் விட்டிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் வாயில் வந்தது வேறு. "செய்யிறவங்க வடகவுஞ்சில இருக்காங்க சார். அவங்க எழுதிக் குடுக்குறதத்தான் நாங்க அடிக்கிறோம்" என்றேன். அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பாக்கெட்டில் பூங்கொடியின் நம்பர் இருந்தது. அவர் அங்கேயே நின்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. "எழுதிக் குடுத்தேன்னு சொன்னா ஆச்சாம்மா? ஒட்டுறதுக்கு முன்னாடி நீங்க படிக்க மாட்டீங்களா?" என்று அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. விஷயம் பஜாரில் பரவியது. மற்ற கடைகள் அவளுடைய சரக்கை எல்லாம் திருப்பி அனுப்பின. நான்கு நாள் நான் சும்மா இருந்தேன். நோன்பு மாதம் வேறு. தொழுகையில் நின்றால் அந்தக் காற்புள்ளிதான் கண்ணில் வந்தது.

ஐந்தாம் நாள் வெள்ளனே எழுந்து வடகவுஞ்சிக்குப் பஸ் ஏறினேன். பூங்கொடி வீட்டு வாசலில் திரும்பி வந்த பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. அவள் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா. நா கடலைன்னு எழுதித்தானே குடுத்தேன்? எழுதுனதா எனக்கு ஞாபகம். இல்ல, மறந்துட்டேனான்னு அஞ்சு நாளா யோசிச்சு யோசிச்சு மண்டையே வெடிக்குதுக்கா" என்றாள். பாரேன், அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து அவளுடைய தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "நீ எழுதித்தாம்மா குடுத்த. நாந்தான் பாக்காம அடிச்சேன். அவரு கேட்டப்ப தெரிஞ்சே உம்மேல போட்டுட்டேன்" என்றேன்.

அவள் அந்தத் தாளை வரி வரியாகப் படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலுக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். "பேசுறதப் பொறவு பேசிக்குவோம்க்கா. மொதல்ல அந்த ஆளுக்குப் போனப் போடுங்க, அன்னைக்கு அவரு கூப்ட்ட நம்பர் எங்கிட்ட இருக்கு. எனக்குக் கேக்குற மாதிரி போடுங்க" என்றாள். போட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாப்பா இப்ப ஸ்கூல் போகுதுங்க, நல்லாருக்குது" என்று முதலில் சொன்னார். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்று மத்தியானம் வரை நானும் பூங்கொடியும் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, 'நிலக்கடலை சேர்ந்தது' என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டினோம். அடுத்த நாள் அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பி அனுப்பிய கடை ஒவ்வொன்றுக்கும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு கடை அன்றே சரக்கை வாங்கிக்கொண்டது. ஒரு கடை வாங்கவே இல்லை, இன்றுவரை வாங்கவில்லை. அதை நான் மறப்பதில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து என்ன நடந்தது என்று பார்த்தேன். புதுப்பித்துக்கொண்டபோது அது எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தது. பெட்டிக்குள் அடங்காத கடைசி வரியைத் தானாகவே மறைத்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அந்தத் துணியை எடுத்துப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, அதே பட்டியலை அதே அளவுப் பெட்டியில் அடித்தேன். கடைசி வரி கோட்டைத் தாண்டி வெளியே தொங்கியது. பிரிண்ட் கொடுத்தாலும் பாதி எழுத்து வெட்டுப்பட்டு அசிங்கமாக வந்தது. கண் தெரியாதவருக்கும் தெரியும்படியான அசிங்கம். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அது எனக்காக எதையும் சரி செய்யாது அன்வர். தப்பைத் தப்பாகவே காட்டும். நான்தான் உட்கார்ந்து, ஒரு மில்லிமீட்டர் இப்படி, அரை மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது ஒவ்வொரு சொல்லையும் படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கட்டாயம் வேண்டும். என் குணம் எனக்குத் தெரியும். வேலையை யாராவது எடுத்துக்கொண்டால் நான் அதன்மேல் வைத்த கண்ணையும் எடுத்துவிடுவேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். முதல் சம்பளத்தில் வாங்கியது. ஒரு குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனதில் உன் பரிசுக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று பயந்தேன். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை. தப்பு சாஃப்ட்வேரில் இருந்தது பாதி, என்னிடம் இருந்தது பாதி. பூங்கொடிமேல் பழியைப் போட்டது முழுக்க என்னுடையது. அம்மா அப்படிச் செய்தாள் என்று உனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். அதனால் நீ போனில் கேட்கும்போதெல்லாம், "சூப்பரா ஓடுதுப்பா" என்றேன். "புது டிசைன் எதாவது பண்ணுனா போட்டோ அனுப்பும்மா" என்பாய். உனக்கு அனுப்புவதற்காகவே அந்த லேப்டாப்பைத் திறந்து, யாருக்கும் வேண்டாத ஒரு ஸ்டிக்கரைப் பூப்போட்டுச் செய்து, போட்டோ எடுத்து அனுப்புவேன். நீயும் கட்டைவிரலைக் காட்டி அனுப்புவாய். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெருநாளைக்கு நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீ வாங்கிக் கொடுத்தது அலமாரியில் துண்டு சுற்றிக் கிடந்தது. நீ கத்தவில்லை. "பிடிக்கலைன்னா சொல்லிருக்கலாமேம்மா" என்றாய். அவ்வளவுதான். பிரியாணியைப் பாதியில் வைத்தாய். மறுநாள் காலையிலேயே கிளம்பினாய். அதற்குப் பிறகு போன வெள்ளிக்கிழமை வரை நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவுக்குப் புதுசு கற்றுக்கொள்ள சோம்பல், பழசைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி நினைக்கட்டும், அது பரவாயில்லை என்று நான் விட்டுவிட்டேன். நீ தந்ததை நான் மதிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாயோ என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தோன்றியது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா மகனிடம் கேட்கலாம், தப்பில்லை.

நான் மட்டும் இப்படி என்று நினைக்காதே. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பே இருக்கிறது. அதே பழைய சாஃப்ட்வேரை வைத்திருப்பவர்கள். பழனியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர் ஒருவர், பூண்டியில் விதைப்பூண்டு விற்பவர் ஒருவர் என்று எட்டுப் பேர். ஒருவரிடம் ரிப்பன் தீர்ந்தால் இன்னொருவர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். இதற்குத் தலைவர் மாதிரி கந்தசாமி சார். பெருமாள்மலைப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறார், ரிட்டயரான வாத்தியார். பெரணிச் செடிகளுக்கு விரல் நீளத்துக்கு ஸ்டிக்கர் அடித்துக் குச்சியில் ஒட்டி நடுவார். அவரிடம் அந்த சாஃப்ட்வேரின் மூன்று காப்பி இருக்கிறது. மழைக்காலத்தில் சிடிகளை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பார். ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் சார் உங்களுக்கு இது மேல இவ்வளவு ஆசை? உங்களுக்கு டைப்ரைட்டிங்கும் தெரியாதே?" அவர் செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்: "பழசுங்கிறதுக்காக இல்லம்மா. இது செஞ்சு முடிச்ச சாமான். இனி இதுல செய்ய ஒண்ணுமில்லைன்னு எவனோ ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டான் பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. காலையில வந்து உக்காந்தா நேத்து வச்ச எடத்துல எல்லாம் இருக்கு. இந்த மலையில மூணு நாள் நெட்டு இல்லாமக் கெடந்தாலும் எஞ்செடிக்குப் பேரு இருக்கும்." மருந்துக் கடைக்காரருக்கு வேறு காரணம். அவருடைய பொடிகளின் பெயரெல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கிறது. புதியதில் திறந்தால் கோழி கிளறியதுபோல வருகிறதாம். ஆயிரம் பெயரையும் யார் திரும்ப அடிப்பது? ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், எல்லோரும் சேர்ந்தால் கேலியும் சிரிப்புமாகப் பொழுது போகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீ சொன்னதில் சரியானதும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். "ஒரு நாள் அந்த டிஸ்க் செத்துரும்மா, அன்னைக்கு என்ன செய்வ?" என்று நீ லேப்டாப் வாங்கி வந்தபோதே கேட்டாய். போன ஐப்பசி மழையில் அது டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கந்தசாமி சாருக்குப் போன் செய்தேன். "வெரசா அணைங்கம்மா, தொடாதீங்க, வர்றேன்" என்று அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் போனிலேயே வழி சொல்ல, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் என் சாஃப்ட்வேர், என் டைப்ரைட்டர் முறை, இருபது வருஷத்து ஸ்டிக்கர்கள் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. இப்போது நான் தினமும் திறப்பது உன் லேப்டாப்பைத்தான். பெரிய கடைக்காரர்கள் கேட்கும் கோடு போட்ட பார்கோடு ஸ்டிக்கரும் இங்கிலீஷ் ஸ்டிக்கரும் உன் புது சாஃப்ட்வேரில்தான் அடிக்கிறேன், அதற்கு அது நன்றாக இருக்கிறது. தமிழுக்கும், மனுஷர் வாயில் போடுகிற பண்டத்துக்கும் பழசு. அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். பூங்கொடி இப்போது பதினோரு கடைக்குப் போடுகிறாள். போன மாதம் என்னிடம், "அக்கா, அன்னைக்கு நீங்க பஸ் ஏறி வரலைன்னா நா இந்தத் தொழிலையே விட்டுருப்பேன்" என்றாள். நான் நான்கு நாள் தாமதமாக வந்தேன் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நீயும் என் மருமகள் ஷபானாவும் தெரியாத ஊருக்குப் போகிறீர்கள். அங்கே நீ அவளுக்கு ஆசையாக ஒன்று செய்து கொடுப்பாய், அவள் அதைத் தொடாமல் வைத்திருப்பாள். அப்போது "பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதே. "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திரு. நான் அன்றைக்கு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். அவளும் என்னைப் போல பயந்துகொண்டு சொல்லாமல் இருக்கலாம். நீ ஒரு தப்புச் செய்தால் அன்றைக்கே சொல். ஐந்தாம் நாள் சொன்னாலும் மன்னிப்பார்கள்தான், ஆனால் அந்த நான்கு நாளை இன்னொருவர் சுமந்திருப்பார். உன் வேலையும் சாஃப்ட்வேர் எழுதுவதுதானே. எங்கோ ஓர் ஊரில், பச்சைக் கட்டத்தைப் படிக்காமல் 'ஓகே' கொடுக்கிற ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுது. அவளுக்கு ஒளித்து வைக்காமல் காட்டு. அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

அதனால், வா. கட்டாயம் வா. எதையும் மாற்ற வேண்டாம், எதையும் ஏற்றிக் கொடுக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கொடி வருகிறாள். பட்டர் ஃப்ரூட் போட்டு ஏதோ புதிதாகச் செய்திருக்கிறாளாம், அதற்கு ஸ்டிக்கர் அடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அடிப்பதற்கு முன்னால் இன்னொருவர் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அத்தா வாசித்தால் பாதியில் வாடிக்கையாளர் வந்துவிடுகிறார். நீ என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, விடாமல், நிறுத்தி வாசி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா